தை அறுவடைக்கு ஆனியில் கிஸ்தி

யமுனைப் பாலத்தைக் கடந்து மேற்கே வருகிற விகாஸ் மார்க்கம், பகதூர் ஷா ஜாபர் மார்க்கத்தைச் சந்திக்கிற நாற்சந்திக்குத் தில்லி ஜனங்கள் வைத்திருக்கும் பெயர் ஐ.டி.ஓ. பஸ் கண்டக்டர் அதைத்தான் கூவுவார். ஆட்டோக்காரரிடம் அதைத்தான் சொல்ல வேண்டும். 2015 ஜூன் 8-ஆம் தேதி மண்டி ஹவுஸிலிருந்து மெட்ரோ ரயில் அங்கே வந்து சேர்ந்தபோது நிலையத்துக்கும் அந்த மூன்றெழுத்தையே சூட்டினார்கள். இன்கம் டாக்ஸ் ஆபீஸ் என்பதன் முதலெழுத்துக்களே அவை என்பதை அங்கே தினந்தோறும் ஏறி இறங்குகிறவர்களில் எத்தனை பேர் அறிவார்களோ, நான் சொல்ல முடியாது. நம் கிராமங்களில் ஆலமரத்துக்கும் அய்யனார் கோயிலுக்கும் வாய்க்கிற பாக்கியம், அதாவது ஓர் இடத்துக்கே பெயராகிவிடுகிற பாக்கியம், இந்தத் தலைநகரில் வருமான வரி அலுவலகத்துக்கு வாய்த்திருக்கிறது.

ஐம்பதுகளில் சுருக்கெழுத்தும் தட்டெழுத்தும் கற்றுக்கொண்டு, கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கி, கரோல் பாக்கில் அறை எடுத்துத் தங்கி, பிறகு ராமகிருஷ்ணபுரத்துச் சர்க்கார் குடியிருப்பில் முப்பது வருஷம் வாழ்ந்து ஓய்வு பெற்ற என் தந்தையார், தம் கையால் ஒரு ரூபாய்கூட வரி கட்டியவர் அல்லர்; கட்டாமல் ஏய்த்தவரும் அல்லர். சம்பளம் கைக்கு வருமுன்பே வரி போய்விடும். மிச்சம் எதுவோ அதுவே சம்பளம் என்று அவர் தலைமுறை நினைத்தது. உத்தியோகத்தையே நம்பித் தில்லிக்கு வந்த தமிழர்களின் பிள்ளைகளில் ஒரு பகுதியினர் இப்போது உத்தியோகத்தை நம்பாதவர்களாய், அல்லது உத்தியோகத்தால் நம்பப்படாதவர்களாய், மொழிபெயர்ப்பு, மென்பொருள், சங்கீதப் பாடம், கணக்கு டியூஷன், படத்தொகுப்பு என்று சொந்தக் காலில் நின்று ஜீவனம் செய்கிறார்கள். நான் அவர்களில் ஒருவன். மொழிபெயர்ப்பு என் தொழில். தந்தையாருக்கு அறிமுகமே இல்லாமல் போன ஒரு சடங்கு எனக்கு வருஷத்தில் நான்கு முறை வருகிறது. அதற்கு அட்வான்ஸ் டாக்ஸ், முன்கூட்டிய வரி, என்று பெயர்.

ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15. இந்த நான்கு தேதிகளையும் முதன்முதலில் என் ஆடிட்டர் சொன்னபோது எங்கோ கேட்ட கணக்காக இருக்கிறதே என்று யோசித்து, வீட்டுப் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். ஆனி, புரட்டாசி, மார்கழி, பங்குனி ஆகிய நான்கு மாதங்களின் பிறப்புக்கு ஷடசீதி புண்ணிய காலம் என்று பெயர். அந்த நாட்களில் என் தந்தையார் தர்ப்பணம் செய்வார். ஒன்றிரண்டு நாள் முன்பின்னாக அதே நான்கு தருணங்களில்தான் சர்க்காரும் தனக்கு உரியதைக் கேட்கிறது. பித்ருக்கள் எள்ளும் ஜலமும் பெற்றுத் திருப்தி அடைகிறவர்கள். சர்க்கார் அவ்வளவு எளிதில் அடையாது.

விதி இதுதான். ஒருவர் அந்த வருஷத்துக்குக் கட்ட வேண்டிய வரி, பிறர் முன்னதாகவே பிடித்துக்கொண்ட டி.டி.எஸ். நீங்கலாக 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஆகுமானால், அவர் வருஷம் முடியும்வரை காத்திராமல், வரப்போகும் வருமானத்தைத் தாமே அனுமானித்து, அதற்குரிய வரியில் 15 சதவீதத்தை ஜூனுக்குள்ளும், 45 சதவீதம் ஆகும்படி செப்டம்பருக்குள்ளும், 75 சதவீதம் ஆகும்படி டிசம்பருக்குள்ளும், முழுவதையும் மார்ச்சுக்குள்ளும் செலுத்திவிட வேண்டும். தவணையில் குறைந்தால், குறைந்த தொகைக்கு மாதம் ஒரு சதவீதம் வட்டி. முதல் மூன்று தவணைகளுக்கும் மும்மூன்று மாத வட்டி, கடைசித் தவணைக்கு ஒரு மாத வட்டி. முதல் தவணையில் 12 சதவீதமும் இரண்டாவதில் 36 சதவீதமும் கட்டியிருந்தால் அவ்விரண்டையும் மன்னித்துவிடுகிற சிறிய தாட்சண்யம் ஒன்றும் சட்டத்தில் உண்டு. மார்ச் 31-க்குள் மொத்தத்தில் 90 சதவீதமாவது சேரவில்லை என்றால், ஏப்ரலிலிருந்து வேறொரு வட்டி தனியாக ஓடத் தொடங்கும்.

வருமானம் வரும்போதே வரியும் வரட்டும் என்கிற தத்துவத்தோடு எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. மாதச் சம்பளக்காரர் மாதந்தோறும் கொடுக்கும்போது, சொந்தத் தொழில் செய்கிறவன் மட்டும் பதினாறு மாதம் அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு அனுபவிப்பது தர்மம் ஆகாது. என் வழக்கு வேறு. வருமானம் வரும்போது வரி கேட்பதாகச் சொல்லிக்கொள்ளும் சட்டம், உண்மையில் வருமானம் வருவதற்கு முன்பே கேட்கிறது. பிற்பாடு வந்த வருமானத்தை வைத்துக்கொண்டு முற்பாடு ஏன் கட்டவில்லை என்று வட்டி விதிக்கிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். என்னைப் போன்ற ஒரு மொழிபெயர்ப்பாளர்; வெளிநாட்டுப் பதிப்பகங்களுக்கு வேலை செய்கிறவர்; ஆகவே டி.டி.எஸ். பிடிப்பார் யாரும் இல்லை. 2025-26-ஆம் நிதியாண்டில் புதிய வரி முறையின்கீழ், செலவு போக 12 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்குத் தள்ளுபடியின் காரணமாக வரி கிடையாது. இவர் கையிலிருக்கும் ஒப்பந்தங்களைக் கூட்டிப் பார்த்து, இந்த வருஷம் 12 லட்சத்தைத் தாண்டாது என்று யோக்கியமாகவே மதிப்பிட்டு, ஜூனிலும் செப்டம்பரிலும் டிசம்பரிலும் ஒன்றும் கட்டாமல் இருக்கிறார். ஜனவரியில், தை பிறந்தபின், எதிர்பாராத ஒரு பெரிய வேலை வருகிறது; பிப்ரவரியில் 8 லட்சம் கைக்குக் கிடைக்கிறது. வருமானம் 20 லட்சம் ஆகிவிட்டது. வரி, கூடுதல் தீர்வை சேர்த்து, 2,08,000 ரூபாய். நம் நண்பர் மார்ச் 15-க்கு முன்பாகவே அந்தத் தொகை முழுவதையும் ஒரு பைசா குறையாமல் கட்டிவிடுகிறார். இப்போது அவர் யாருக்கும் கடன்காரர் அல்லர் என்றுதான் நாம் நினைப்போம். சட்டம் அப்படி நினைப்பதில்லை. ஜூனில் 31,200 கட்டியிருக்க வேண்டும். அதற்கு வட்டி 936. செப்டம்பருக்குள் 93,600, அதற்கு 2,808. டிசம்பருக்குள் 1,56,000, அதற்கு 4,680. ஆக மொத்தம் 8,424 ரூபாய். பிப்ரவரியில் பிறந்த பணத்துக்கு முந்தின ஜூனிலிருந்து வட்டி! அதற்குச் சட்டம் வைத்திருக்கிற பெயரோ ‘ஒத்திவைத்ததற்கான வட்டி’. இல்லாததை ஒருவன் எப்படி ஒத்திவைப்பான் என்பது நியாய சாஸ்திரக்காரர்கள் விசாரிக்க வேண்டிய விஷயம்.

தொகை பெரிதல்லவே என்று வாசகர் கேட்கக்கூடும். உண்மை, 8,424 ரூபாயால் யாரும் குடி முழுகிப் போவதில்லை. என் மனத்தை உறுத்துவது, இதே சட்டம், இதே பிரிவில், வேறு சிலரிடம் காட்டியிருக்கிற கருணைதான். பங்குகளையோ மனையையோ விற்று லாபம் அடைந்தவர், லாட்டரியிலும் பந்தயத்திலும் ஜெயித்தவர், கம்பெனிகளின் டிவிடெண்ட் பெற்றவர், தொழிலை அந்த வருஷம்தான் முதன்முதலாகத் தொடங்கியவர் ஆகிய இவர்களெல்லாம், அந்த வருமானம் வந்தபின் மிச்சமுள்ள தவணைகளில் அதற்குரிய வரியைக் கட்டிவிட்டால் போதும். முந்தின தவணைகளின் குறைவுக்கு வட்டி கிடையாது. ஏன்? அதிர்ஷ்டத்தை யாரும் முன்கூட்டி அறிய முடியாது என்பதைச் சட்டம் இயற்றியவர்கள் உணர்ந்திருக்கிறார்கள். பிப்ரவரியில் பங்குச் சந்தையில் 8 லட்சம் லாபம் கண்டவருக்கு மன்னிப்பு உண்டு. பிப்ரவரியில் அறுநூறு பக்கம் மொழிபெயர்த்து 8 லட்சம் பெற்றவருக்கு மன்னிப்பு இல்லை. உழைப்பவனுக்கு மட்டும் தன் எதிர்காலம் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது உழைப்புக்குச் செய்கிற மரியாதை என்றுகூட ஒருவர் வாதிக்கலாம். அந்த மரியாதை எனக்கு வேண்டாம்.

‘கிஸ்தி’ என்ற சொல்லை இன்றைய வாசகர்களில் அநேகர் 1959-இல் வந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ திரைப்படத்தின் வசனம் வாயிலாகத்தான் அறிந்திருப்பார்கள். அது தவணையைக் குறிக்கிற சொல். ரயத்துவாரி முறையில் கிராமக் கணக்குப்பிள்ளை நிலவரியை ஒரே மூச்சில் வாங்கிவிடுவதில்லை. அறுவடையை ஒட்டிய மாதங்களில் பகுதி பகுதியாகக் கிஸ்தி கட்டச் சொல்வார். கும்பெனியாரின் வரி கடுமையானது என்பதிலே இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது. ஆனாலும் கதிர் முற்றுவதற்கு முன் களத்தில் வந்து நிற்பதில் பிரயோஜனம் இல்லை என்கிற விவசாய ஞானம் அந்தக் கணக்குப்பிள்ளைக்கு இருந்தது. பிசிராந்தையார் பாண்டியனுக்குச் சொன்ன அறிவுரையை நான் இங்கே கொண்டுவரப் போவதில்லை. 2019 ஜூலையில் நிதியமைச்சரே அதைப் பட்ஜெட் உரையில் நாடாளுமன்றத்துக்குச் சொல்லிவிட்டார். தவிரவும் அந்தப் புறநானூற்றுப் பாட்டின் கவலை எவ்வளவு வாங்குவது, எப்படி வாங்குவது என்பது பற்றியது. நான் பேசுவது எப்போது வாங்குவது என்பது பற்றி.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்று பார்த்தால், யுத்தத்தின் குழந்தை அது. 1860-இல் ஜேம்ஸ் வில்சன் இந்தியாவில் வருமான வரியைக் கொண்டுவந்த பின் நெடுங்காலம், சம்பளக்காரர் அல்லாதவர் பெரும்பாலும் வருஷம் முடிந்து கணக்குப் பார்த்துத்தான் வரி கட்டிவந்தார். இரண்டாம் உலக யுத்தத்தில் பணவீக்கம் தலைவிரித்தாடியபோது, ஜனங்கள் கையிலிருக்கும் பணத்தைச் சீக்கிரம் இழுத்துக்கொள்ள வேண்டும் என்ற நோக்கத்தோடு, 1922-ஆம் வருஷச் சட்டத்தில் 18-ஏ என்ற பிரிவை 1944-இல் நுழைத்தார்கள். அப்போது நிதி இலாகாவை வைத்திருந்தவர் ஜெரமி ரெய்ஸ்மன். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஏறக்குறைய அதே சமயத்தில் இதே போன்ற ஏற்பாடுகள் பிறந்தன. ரெய்ஸ்மன் காலத்துச் சட்டத்தில் ஒரு கண்ணியம் இருந்தது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்: முன்கூட்டிச் செலுத்துகிற பணத்துக்குச் சர்க்கார் வரிதாரருக்கு வருஷம் இரண்டு சதவீதம் வட்டி கொடுத்தது. அந்நிய ஆட்சிக்கே அப்படிக் கொடுக்கத் தோன்றியிருக்கிறது.

அந்தக் காலத்து முறையில் வேறொரு விசேஷமும் உண்டு. கடைசியாக மதிப்பிட்டு முடித்த வருமானத்தை ஆதாரமாக வைத்து அதிகாரி கேட்கிற தொகையைக் கட்டலாம். அல்லது இந்த வருஷம் வருமானம் குறைவுதான் என்று தோன்றினால், வரிதாரர் தம் மதிப்பீட்டைக் காகிதத்தில் எழுதி அனுப்பிவிட்டு அதன்படி கட்டலாம். 1961-ஆம் வருஷச் சட்டத்திலும் நெடுங்காலம் இந்த வழக்கம் தொடர்ந்தது. ராஜீவ் காந்தி காலத்துச் சீர்திருத்தங்களில், இனி மதிப்பீட்டு அறிக்கை எதுவும் அனுப்ப வேண்டியதில்லை, பணத்தைக் கட்டினால் போதும் என்றார்கள். காகிதம் குறைந்தது, நல்லதுதான். ஆனால் அதை ஒட்டியே, 1989-இல், 234-ஏ, பி, சி என்ற மூன்று பிரிவுகள் வந்து வட்டியை இயந்திர கதியில் ஆக்கிவிட்டன. அதற்கு முன்பு, தக்க காரணம் இருந்தால் வட்டியைக் குறைக்கவோ தள்ளவோ அதிகாரிக்கு இடம் இருந்தது. பிறகு அந்த இடம் போயிற்று. இந்த வட்டி கட்டாயமானது, தீர்வு ஆணையம்கூட இஷ்டப்படி தள்ளுபடி செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2001-இல் அஞ்சும் கஸ்வாலா வழக்கில் தீர்ப்பளித்தது. இன்றோ நம் ரிட்டர்ன்களை முதலில் வாசிப்பது பெங்களூரில் உள்ள மத்தியச் செயலாக்க மையத்தின் கணிப்பொறி. அதற்குக் கண் உண்டு, காது கிடையாது. ஐ.டி.ஓ. நாற்சந்திக் கட்டடங்களில் ஒரு காலத்தில் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, “ஐயா, இந்தப் பணம் பிப்ரவரியில்தான் வந்தது” என்று சொல்ல ஒரு மனிதராவது இருந்தார்; அவர் கேட்பாரோ மாட்டாரோ, சொல்லவாவது முடிந்தது. இப்போது படிவத்தில் கட்டம் எதற்கு இருக்கிறதோ அது மட்டுமே சொல்லத்தக்கது. எதற்குக் கட்டம் இல்லையோ அது நடக்கவே இல்லை.

தில்லியில் சுயதொழில் செய்கிறவர்களுக்கு இந்த நான்கு தேதிகள் ஒத்துவராமல் போவதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. இந்த ஊரின் பெரிய செலவாளி சர்க்காரே. சர்க்கார் பணத்துக்கு ஒரு பருவம் உண்டு. அது பங்குனிப் பருவம். வருஷம் பூராவும் அசையாத கோப்புகள் பிப்ரவரி கடைசியில் எழுந்து நடந்து, மார்ச் மாதத்தில் ஓட்டமாய் ஓடும். ஒதுக்கிய பணத்தை 31-ஆம் தேதிக்குள் செலவழிக்காவிட்டால் காலாவதியாகிவிடும் என்ற பயம் எல்லா இலாகாக்களுக்கும் பொது. இந்த வெள்ளத்துக்கு அணை போடும் பொருட்டு, கடைசிக் காலாண்டில் ஒதுக்கீட்டின் 33 சதவீதத்துக்கு மேலும், மார்ச்சில் 15 சதவீதத்துக்கு மேலும் செலவு செய்யக்கூடாது என்று நிதி அமைச்சகமே மற்ற அமைச்சகங்களுக்கு விதி வைத்திருக்கிறது. ஆக, தன் பணம் வருஷக் கடைசியில்தான் வெளியே வருகிறது என்பது நிதி அமைச்சகத்துக்கு நன்றாகத் தெரியும். அதே அமைச்சகத்தின் மற்றோர் இலாகா, அந்தப் பணத்தைப் பெறுகிறவர் டிசம்பருக்குள் முக்கால் பங்கு வரியைக் கட்டியிருக்க வேண்டும் என்று சொல்கிறது. சர்க்கார் கொடுக்கும் பணத்தில் பத்து சதவீதம் டி.டி.எஸ். பிடித்துவிடுவதால் உறுத்தல் கொஞ்சம் குறையும். உயர்ந்த படியில் வரி கட்டுகிறவருக்குக் குறைவதே தவிர தீர்வதில்லை.

மயூர் விஹாரில் என் வீட்டுக்கு இரண்டு கட்டடம் தள்ளி ஒரு சங்கீத டீச்சர் மாமி இருக்கிறார். சாயங்காலம் அந்தப் பக்கம் நடந்தால் சரளி வரிசை கேட்கும். ராத்திரி ஒன்பதுக்கு மேல் அதே சரளி வரிசை கணிப்பொறி வழியாக டொரண்டோவிலிருந்தும் நியூஜெர்சியிலிருந்தும் கேட்கும். அவருக்கும் பருவம் உண்டு. மே, ஜூனில் தில்லி வெயிலுக்குப் பயந்து உள்ளூர்க் குழந்தைகள் பாட்டி வீட்டுக்குப் போய்விடுவார்கள். புதிதாகப் பாட்டு ஆரம்பிக்கிறவர்கள் விஜயதசமிக்குத்தான் ஆரம்பிப்பார்கள், அதாவது இரண்டாம் தவணைத் தேதி கடந்த பிறகு. “எத்தனை குழந்தை சேரும்னு ஜூன்லயே எப்படிச் சொல்றது? நான் என்ன ஜோசியமா பார்க்கறேன்?” என்று அவர் என்னிடம் கேட்டபோது, என்னிடம் பதில் இல்லை.

அனுமான வருமானத் திட்டம் என்று ஒன்று இருக்கிறதே, அதிலே சேர்ந்துவிட்டால் நான்கு தவணைக்குப் பதிலாக மார்ச் 15 ஒன்றோடு முடிந்துவிடுமே என்று விஷயம் தெரிந்த வாசகர் சொல்வார். 2016 பட்ஜெட்டில் தொழில் வல்லுநர்களுக்காக வந்த 44-ஏடிஏ பிரிவைத்தான் அவர் நினைக்கிறார். பெற்ற தொகையில் பாதியை வருமானமாக ஒப்புக்கொண்டால் கணக்குப் புத்தகம் வேண்டாம், தவணையும் ஒன்றே. நல்ல ஏற்பாடு, ஆனால் அது யாருக்கு? வக்கீல், டாக்டர், என்ஜினீயர், கட்டடக் கலைஞர், ஆடிட்டர், தொழில்நுட்ப ஆலோசகர், உள் அலங்காரக்காரர், இவர்களோடு அறிவிக்கை மூலம் சேர்த்த சிலர். அந்தச் சிலரில் திரைப்படக் கலைஞர்கள் உண்டு. நடிகர் உண்டு, பாடகர் உண்டு, பாடலாசிரியர் உண்டு, வசனகர்த்தாகூட உண்டு. சினிமாவில் ஒரு பாட்டுப் பாடினால் பட்டியலில் இடம் கிடைக்கும்; ஐந்நூறு குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தால் கிடைக்காது. வசனம் எழுதினால் உண்டு. நாவலை மொழிபெயர்த்தால் இல்லை. சில ஆடிட்டர்கள் எங்களை வியாபாரிகளுக்கான வேறொரு பிரிவில் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். சிலர் கூடாது என்கிறார்கள். நான் என்ன ஜாதி என்பதிலே நிபுணர்களுக்கிடையே அபிப்பிராய பேதம் இருக்கும்போது, பயந்த சுபாவம் உள்ள நான் நான்கு தவணைகளையே கட்டிவருகிறேன்.

அறுபது வயது கடந்தவர்களுக்கு 2012-இல் அளித்த விலக்கும் இப்படித்தான். வியாபாரமோ தொழிலோ இல்லாத மூத்த குடிமக்கள் முன்கூட்டிய வரி கட்ட வேண்டியதில்லை. பென்ஷனும் வங்கி வட்டியுமாகக் காலம் தள்ளினால் விலக்கு. சும்மா இருக்கப் பிடிக்காமல், ஓய்வுக்குப் பின் யாருக்காவது ஆலோசனை சொல்லிக் கொஞ்சம் சம்பாதித்தால் விலக்கு போய்விடும். அறுபத்தைந்து வயதில் ஒருவன் உழைக்கத் துணிந்ததற்கு இது பரிசு.

எதற்கு வம்பு, கொஞ்சம் அதிகமாகவே கட்டி வைத்துவிடலாமே என்றால், அங்கேயும் தராசின் தட்டு சமமாக இல்லை. நான் குறைத்துக் கட்டினால் மாதம் ஒரு சதவீதம். கூடுதலாகக் கட்டியது ரீபண்டாக வரும்போது சர்க்கார் தருவது மாதம் அரை சதவீதம். அந்த ரீபண்டும் நிர்ணயித்த வரியில் பத்து சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் வட்டியே கிடையாது. ரெய்ஸ்மன் துரையின் இரண்டு சதவீதத்தை நான் ஏக்கத்தோடு நினைவு கூர்வது இந்த இடத்தில்தான்.

கட்டினோம், முடிந்தது என்றும் இல்லை. கட்டியதை ஒழுங்காகச் சொல்லவும் வேண்டும். சலானில் வங்கிக் கிளையின் ஏழு இலக்க எண், கட்டிய தேதி, ஐந்து இலக்கத் தொடர் எண் ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் அந்தப் பணத்தின் ஜாதகம். ரிட்டர்னில் முன்கூட்டிய வரிக்கான அட்டவணையில் அது பொருந்தினால்தான் பணம் நம் பணம். இன்னொன்றும் பொருந்த வேண்டியிருந்தது: மதிப்பீட்டு ஆண்டு. சம்பாதிக்கிற வருஷம் ஒன்று, அதை மதிப்பிடுகிற வருஷம் அடுத்தது என்று 1922-ஆம் வருஷச் சட்டத்திலேயே இருந்த இரட்டைக் கணக்கு, எத்தனையோ யோக்கியர்களை அலைய வைத்திருக்கிறது. 2018 செப்டம்பரில் நான் கட்டிய தவணைக்கு 2019-20 என்று தேர்ந்தெடுக்க வேண்டிய இடத்தில், நடப்பு வருஷம்தானே என்று 2018-19-ஐத் தொட்டுவிட்டேன். பிழை என்னுடையதுதான். பணம் சர்க்காரிடம்தான் இருந்தது. என் பான் எண்ணில்தான் இருந்தது. ஆனால் ஒரு வருஷம் தள்ளி வேறொரு அறையில் உட்கார்ந்துகொண்டு, “நான் உன் பணம் அல்ல” என்றது. எனக்கு வட்டியோடு நோட்டீஸ் வந்தது. திருத்தக் கோரி மனுக் கொடுத்து, நினைவூட்டல் எழுதி, அந்தப் பணத்தைப் பக்கத்து அறையிலிருந்து அழைத்துவர எட்டு மாதம் பிடித்தது. இப்போது சலான் திருத்தத்தை வலைத்தளத்திலேயே செய்ய வழி வைத்திருக்கிறார்கள். அதைவிடப் பெரிய உபகாரம், 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு என்று இயற்றிய 2025-ஆம் வருஷத்துப் புதிய வருமான வரிச் சட்டம் ‘மதிப்பீட்டு ஆண்டு’ என்பதையே ஒழித்து, ‘வரி ஆண்டு’ என்று ஒன்றை மட்டும் வைத்தது. நூறு வருஷத்துக் குழப்பத்தை ஒரு சொல்லால் துடைக்க முடியும் என்று காட்டியவர்களை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அதே புதிய சட்டம் நான்கு தேதிகளையும் அவற்றின் சதவீதங்களையும் பழைய சட்டத்திலிருந்து அப்படியே எடுத்து வைத்துக்கொண்டது.

நான் கேட்பது தேதிகளை மாற்றும்படி அல்ல. ரிட்டர்ன் படிவத்தில் மூலதன ஆதாயத்துக்கும் டிவிடெண்டுக்கும் ஓர் அட்டவணை இருக்கிறது. ஜூன் 15 வரை எவ்வளவு, அதிலிருந்து செப்டம்பர் 15 வரை எவ்வளவு, டிசம்பர் 15 வரை, மார்ச் 15 வரை, மார்ச் 31 வரை என்று ஐந்து கட்டங்கள். அவற்றை நிரப்பினால், பணம் வந்த பிறகு உள்ள தவணைகளுக்கு மட்டும் கணிப்பொறி வட்டி பார்க்கிறது. சட்டத்தின் விலக்குப் பட்டியலில் தொழில் வருமானத்தையும் சேர்த்து, இந்த அட்டவணையில் ஒரே ஒரு வரியைக் கூட்டினால் போதும். அமெரிக்க வரித்துறையின் 2210 எண் கொண்ட படிவத்தில், வருமானம் சீராக வராதவர்கள் காலப்பகுதி வாரியாகக் கணக்குக் காட்டித் தவணைக் குறைவிலிருந்து விடுபட ஒரு தனி அட்டவணையே இருக்கிறது. இது புதுமையான யோசனை என்று நான் உரிமை கொண்டாடவில்லை.

இதைத் துர்ப்பிரயோகம் செய்ய மாட்டார்களா, ஜூனில் வாங்கிய பணத்தை மார்ச்சில் வாங்கியதாகக் காட்ட மாட்டார்களா என்பது நியாயமான கேள்வி. பெரிய கம்பெனிகளுக்கு இதைக் கொடுக்க வேண்டாம். ரொக்க வரவு அடிப்படையில் கணக்கு வைக்கும் தனிநபர்களுக்கு, அதுவும் பழைய சட்டத்தின் 44-ஏடிஏ பிரிவு வைத்த 75 லட்ச உச்சவரம்புக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் கொடுத்தால் போதும். அவர்கள் பணம் எந்தத் தேதியில் வந்தது என்பது வங்கிக் கணக்கில் இருக்கிறது, டி.டி.எஸ். பிடித்ததானால் இலாகாவின் பதிவேட்டிலும் தேதியோடு இருக்கிறது. நாங்கள் சொல்வதைச் சரிபார்க்க இலாகா எங்கேயும் போக வேண்டியதில்லை.

சங்கீத டீச்சர் மாமியிடம் நீளவாக்கில் தைத்த பழைய மாதிரிக் கணக்கு நோட்டு ஒன்று இருக்கிறது. குழந்தையின் பெயர், எந்த வர்ணம் நடக்கிறது, எந்தத் தேதியில் எவ்வளவு வந்தது என்று பதினெட்டு வருஷமாக ஊதா மையில் எழுதி வருகிறார். போன மாதம் ஒரு சாயங்காலம், படிவத்தில் இல்லாத அந்த ஐந்து கட்டங்களை நான் ஒரு வெள்ளைத் தாளில் கோடு போட்டுக் கொடுக்க, அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நோட்டைப் புரட்டினார். காபி ஆறுவதற்குள் ஐந்தையும் நிரப்பிவிட்டு, “இவ்வளவுதானா? இதை யாரிடம் கொடுக்கணும்?” என்று கேட்டார்.